கத்திரி வெயிலில் பால்கனிக் காய்கறி: உரத் தொட்டியிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

எங்கள் அடுக்குமாடியில் ஒவ்வொரு மார்ச்சிலும் இதே கதைதான். யாராவது ஒருவர் நர்சரியிலிருந்து ஆறு தக்காளி நாற்றும் நாலு கறுப்புத் தொட்டியும் ஒரு மூட்டை செம்மண்ணும் வாங்கி வருவார். ஏப்ரல் நடுவில் பூவெல்லாம் கொட்டும். மே முதல் வாரத்தில் தொட்டிகள் படிக்கட்டுக்கு அடியில் போய்ச் சேரும். "எனக்குக் கைராசி இல்லைங்க" என்பார். கைராசியில் ஒன்றும் கோளாறு இல்லை, வேலைகளின் வரிசைதான் தப்பு. செடி வாங்குவது கடைசி வேலை. அதற்கு இரண்டு மாதம் முன்பே உரத் தொட்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

என்னுடையது சென்னையில் மூன்றாவது மாடி. மேற்குப் பார்த்த பால்கனி, பத்தடி நீளம், நாலடி அகலம். கீழே சொல்வதெல்லாம் அந்த இடத்தில் செய்து பார்த்தவை. மதுரை, வேலூர், திருச்சி போல வறண்ட வெயில் அடிக்கும் ஊர்களில் மண் இன்னும் சீக்கிரம் காயும். மற்றபடி முறை ஒன்றுதான்.

1. ஒரு நாள் முழுக்க வெயிலைக் கவனியுங்கள்

ஒரு விடுமுறை நாளில் காலை 7 மணியிலிருந்து மாலை 6 வரை, மணிக்கு ஒருமுறை பால்கனியை எட்டிப் பாருங்கள். தரையில் வெயில் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதிவிடுங்கள். காய்க்கிற செடிகளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். கீரைக்கு மூன்று, நாலு மணி நேரம் போதும்.

பலர் தடுக்கி விழும் இடம் தெற்குப் பால்கனி. "தெற்கு, நல்ல வெயில்" என்று நம்பி ஜனவரியில் பார்த்துவிட்டுத் திட்டம் போடுவார்கள். சென்னையில் ஏப்ரல் கடைசியில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அதன் பிறகு ஆகஸ்ட் நடு வரைக்கும் நண்பகலில் சற்று வடக்கே சாய்ந்துதான் நிற்கும். அதனால் மேலே கூரை உள்ள தெற்குப் பால்கனிக்கு மே, ஜூன் மாதங்களில் நேர் வெயிலே குறைவு. இருட்டு என்று ஒதுக்கிய வடக்குப் பால்கனியில் அப்போது வெயில் விழும். எந்த மாதம் செடி வைக்கப் போகிறீர்களோ, அந்த மாதத்து வெயிலைத்தான் பார்க்க வேண்டும்.

கிழக்குப் பால்கனிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். காலை வெயில் மட்டும் விழும், பாதி வேலை மிச்சம். மேற்கில்தான் பாடு. பிற்பகல் 2 மணிக்கு வெயில் உள்ளே நுழையும்போது காற்றும் சுவரும் தரையும் ஏற்கெனவே சூடேறி இருக்கும். அதை எப்படிச் சமாளிப்பது என்பதை ஏழாவது படியில் சொல்கிறேன்.

ஏசியின் வெளி யூனிட் பால்கனியில் இருந்தால், அதன் விசிறிக்கு நேர் எதிரே எதையும் வைக்காதீர்கள். அந்த அனல் காற்று ஒரே நாளில் இலையைக் கருக்கிவிடும்.

2. எடையும் வடிகாலும்

பன்னிரண்டு அங்குல அகலமும் அதே உயரமும் உள்ள ஒரு வளர்ப்புப் பையில் சுமார் 20 லிட்டர் மண் பிடிக்கும். வெறும் செம்மண்ணை நிரப்பி நீர் ஊற்றினால் 35 கிலோ வரை வரும். பாதிக்கு மேல் தென்னை நார்க்கழிவும் உரமும் கலந்தால் 20, 25 கிலோவில் நின்றுவிடும். பத்துப் பை என்றால் வித்தியாசம் ஒன்றிரண்டு ஆள் எடை. பழைய கட்டடமாக இருந்தால், கைப்பிடிச் சுவர் ஓரமாக வரிசை கட்டாமல், வீட்டுச் சுவரை ஒட்டிக் கனமான பைகளை வையுங்கள்.

அப்புறம், ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றி அது எங்கே போகிறது என்று பாருங்கள். இதைச் செய்யாமல் முதல் வருடம் நான் பட்ட பாடு இருக்கிறதே! செம்மண் கலந்த நீர் விளிம்பு வழியாக ஒழுகி, கீழ் வீட்டு அக்கா கம்பியில் காயப்போட்டிருந்த வெள்ளை வேட்டியில் இறங்கியது. அன்றிலிருந்து பைகளுக்கு அடியில் தட்டு வைத்திருக்கிறேன். தட்டில் தேங்கும் நீரை அன்றன்றே கொட்டிவிட வேண்டும். டெங்கு கொசு சுத்தமான நீரில்தான் முட்டை வைக்கும். மாநகராட்சி ஆட்கள் கொசுப்புழு பார்க்க வரும்போது முதலில் தூக்கிப் பார்ப்பதும் இந்தத் தட்டைத்தான்.

3. உரத் தொட்டியை இன்றைக்கே தொடங்குங்கள்

இது ஏன் மூன்றாவது படி, கடைசிப் படி இல்லை? உரம் தயாராக இரண்டு மாதம், சில சமயம் இரண்டரை மாதம் ஆகும். மார்ச் கடைசியில் தொடங்கினால் ஜூனில் கைக்கு வரும். ஜூலை நடுவில் ஆடி பிறக்கும்போது பைகள் தயாராக இருக்கும். மேயில் தொடங்கினாலும் மோசமில்லை.

வேண்டியவை: மூடியோடு கூடிய 20 லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு, முடிந்தால் மூன்று. காய்ந்த இலை ஒரு சாக்கு நிறைய. கிளற ஒரு குச்சி. வாளிக்கு அடியில் வைக்க ஒரு தட்டும் நாலு செங்கல்லும். மண்பானை அடுக்குகளாக விற்கும் உரப் பானையும் நல்லதுதான். ஆனால் கோடையில் பானைச் சுவர் வழியாக ஈரம் வேகமாகப் போகும், அடிக்கடி நீர் தெளிக்க வேண்டி வரும்.

வாளியின் பக்கங்களில் மூன்று அங்குலத்துக்கு ஒன்றாக, பென்சில் நுழையும் அளவுக்குத் துளை போடுங்கள். அடியிலும் ஐந்தாறு. காற்று இல்லாமல் மக்கினால் அது அழுகல், நாற்றம் எடுக்கும். துளைகளை உள்பக்கமிருந்து பழைய கொசுவலைத் துணியால் மூடினால் ஈ நுழையாது.

காய்ந்த இலையை முதலில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இதை விட்டுவிட்டு, காய்கறித் தோலை மட்டும் போட்டுப் பத்தாவது நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். காய்கறிக் கழிவில் ஈரமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) அதிகம், கரிச்சத்து (கார்பன்) குறைவு. காய்ந்த இலையில் இது நேர்மாறு. நுண்ணுயிர்களுக்கு இரண்டும் வேண்டும். கரிச்சத்து சுமார் 25, 30 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு இருந்தால் வேலை சரியாக நடக்கும். அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், ஒரு கிண்ணம் காய்கறிக் கழிவுக்கு இரண்டு கிண்ணம் நொறுக்கிய காய்ந்த இலை என்று போட்டால் போதும்.

இலைக்கு எங்கே போவது? உங்கள் வளாகத்தில் கூட்டும் அம்மாவிடம் ஒருநாள் முன்பே சொல்லி வையுங்கள். வேம்பு, புங்கம், தூங்குமூஞ்சி இலைகள் அப்படியே போடலாம். பாதாம் இலை தடிமன், கிழித்துப் போட வேண்டும். இலையே கிடைக்காவிட்டால் முட்டை அட்டை, வழவழப்பில்லாத அட்டைப்பெட்டித் துண்டுகள், நார்க்கழிவு இவை உதவும்.

நிரப்பும் வரிசை இது:

அடியில் இரண்டு அங்குல உயரத்துக்குக் குச்சிகள், தேங்காய் நார். நீர் வடியவும் காற்று ஏறவும் இது. அதன் மேல் மூன்று அங்குலம் காய்ந்த இலை. பிறகு அன்றைய கழிவு, விரல் அகலத்துக்கு நறுக்கியது. அதன் மேல் ஒரு பிடி பழைய உரமோ மரத்தடி மண்ணோ. கடைசியாகக் கழிவு கண்ணில் படாதபடி காய்ந்த இலை. மறுநாள் மறுபடி கழிவு, மறுபடி இலை.

புளித்த மோர், வெல்லக் கரைசல் ஊற்றலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஊற்றினால் கெடுதல் இல்லை. ஆனால் ஆர்வத்தில் அரைச் சொம்பு ஊற்றி வாளியைச் சேறாக்கியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு பிடி மண்ணில் இருக்கும் உயிர்களே போதும்.

போடக் கூடாதவை: எண்ணெயும் உப்பும் சேர்ந்த சமைத்த உணவு, மீன், இறைச்சி, பால். பால்கனி வாளியில் இவை எலியையும் நாற்றத்தையும் கூட்டி வரும். எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் கொஞ்சமாக. டீத்தூளைச் சர்க்கரை போக அலசிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுங்கள், முழுதாகப் போட்டால் முழுதாகவே வெளியே வரும். மாங்கொட்டை, நுங்குக் கூடு, இளநீர் மட்டை எல்லாம் இந்த வாளிக்கு ஆகாது.

கோடைக்கென்று ஒரு எச்சரிக்கை, தர்பூசணித் தோல். ஒரு பழத்தின் தோலே வாளியை நாசமாக்கப் போதும், அவ்வளவு நீர். நறுக்கி, அரை நாள் வெயிலில் வாடவிட்டு, பிறகு போடுங்கள். நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

4. வாளியை எங்கே வைப்பது, எப்படிப் பராமரிப்பது

நிழலில் வையுங்கள். "சூடு இருந்தால்தானே மக்கும்" என்று வெயிலில் வைப்பது வழக்கமான தவறு. ஒரு மீட்டர் நீள, அகல, உயரமுள்ள பெரிய குவியல் தன் வேலையால் தானே 55, 60 டிகிரி வரை சூடேறும். 20 லிட்டர் வாளிக்கு அந்தப் பருமன் இல்லை, உண்டாகும் சூடு உடனே வெளியேறிவிடும். வெளியிலிருந்து வரும் வெயில் சூடு மக்க வைக்காது, காய வைக்கும். காய்ந்துபோனால் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும்.

சரி, வாளி அவ்வளவு சூடேறாததால் இன்னொன்றும் நடக்கும். தக்காளி, பூசணி விதைகள் உள்ளே சாகாமல் கிடந்து, பின்னால் வெண்டைப் பையில் முளைத்து நிற்கும். பிடுங்கிப் போட்டால் சரி. அதே காரணத்தால் நோய் வந்த செடியை வாளியில் போடாதீர்கள்.

நாலைந்து நாளுக்கு ஒருமுறை குச்சியால் அடி வரை கிளறுங்கள். தினமும் வேண்டாம், கோடையில் ஒவ்வொரு கிளறலிலும் ஈரம் போகும். கிளறும்போது ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் அளவான ஈரம். ஒழுகினால் காய்ந்த இலை சேருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நீர் தெளியுங்கள், ஊற்றாதீர்கள்.

வாளியில் என்ன கோளாறு என்பதை மூக்கே சொல்லும். முட்டை அழுகிய வாடை என்றால் காற்று இல்லை, கிளறி அட்டைத் துண்டு சேருங்கள். மூக்கில் காரமாக ஏறும் வாடை என்றால் பச்சைக் கழிவு கூடிவிட்டது, இலை சேருங்கள். எறும்பு குடி வந்தால் உள்ளே காய்ந்துவிட்டது. சின்னப் பழ ஈக்கள் பறந்தால் மேல்மூடி இலை போதவில்லை.

சாம்பலும் பழுப்புமாகத் தட்டையான தடித்த புழுக்கள் ஒருநாள் நெளியும். என் பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்து வாளியையே குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார். அவை பிளாக் சோல்ஜர் ஈ என்ற ஈயின் புழுக்கள். கடிக்காது, நோய் பரப்பாது, கழிவை மளமளவென்று தின்று தீர்க்கும். பிடிக்காவிட்டால் ஒரு வாரம் புதிய கழிவு போடாமல் இலையை அதிகமாக்குங்கள், குறைந்துவிடும்.

நாலு பேர் வீட்டில் வாளி மூன்று, நாலு வாரத்தில் நிறையும். நிறைந்ததும் மூடி, தேதி எழுதி ஒட்டி, ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வாளிக்குப் போங்கள். மூடிய வாளியில் புதிதாக எதுவும் சேர்க்கக் கூடாது. நேற்றைய தோலும் நாற்பது நாள் மக்கியதும் ஒன்றாகக் கிடந்தால் உரம் தயார் என்ற நாள் வரவே வராது. மூடிய பிறகு நாற்பது நாள் போலப் பொறுத்து, சல்லடையில் சலியுங்கள். கீழே விழுவது உரம். மேலே நிற்பது அடுத்த வாளிக்கு ஆரம்பப் பிடி.

பார்வைக்குக் கறுப்பாக இருப்பதாலேயே தயார் என்று அர்த்தமில்லை. ஒரு பிடியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாள் வையுங்கள். பிரிக்கும்போது மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால் சரி. புளித்த வாடை வந்தால் இன்னும் இரண்டு வாரம். அரைகுறை உரத்தைப் பையில் போட்டால் அது மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் காற்றையும் இழுத்துக்கொண்டு மக்கும், செடி மஞ்சளடிக்கும்.

5. பையும் தரையும்

உரம் மக்கும் இரண்டு மாதத்தில் மற்றதைத் தயார் செய்யலாம். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வேண்டாம். மேற்கு வெயிலில் அதன் பக்கச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். வேர்கள் முதலில் பரவுவது அந்தச் சுவரை ஒட்டித்தான், அங்கேயே வெந்துபோகும். வெளிர்நிற வளர்ப்புப் பை அல்லது மண் தொட்டி நல்லது. கறுப்புத் தொட்டி ஏற்கெனவே இருக்கிறதா? பழைய அரிசிச் சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். அல்லது சின்னப் பைகளை முன்னால் நிறுத்திப் பெரியவற்றுக்கு நிழல் கொடுங்கள்.

நேரடியாகத் தரையில் வைக்காதீர்கள். பகல் முழுக்கச் சூடு குடித்த சிமெண்ட் தரை ராத்திரி பத்து மணிக்கும் கொதிக்கும். பைக்கு மூன்று செங்கல் போதும். அடியில் காற்று ஓடும், வடிகால் துளையும் அடைக்காது.

அளவு: கீரைக்கு ஆழம் ஆறு அங்குலம் போதும், அகலம்தான் முக்கியம். வெண்டை, கத்தரி, மிளகாய்க்குப் பன்னிரண்டு அங்குலப் பை, ஒரு பைக்கு ஒரு செடி. பீர்க்கு, பாகல் கொடிகளுக்குப் பதினைந்து அங்குலத்துக்குக் குறையாமல். கோடையில் பை சின்னதானால் மண் பாதி நாளில் காய்ந்துவிடும்.

6. மண் கலவை

செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, உரம் ஒரு பங்கு. பை ஒன்றுக்கு இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. செம்மண் செடியைப் பிடித்து நிறுத்தும், நார்க்கழிவு நீரைத் தேக்கும், உரம் ஊட்டும்.

வீட்டு உரம் முதல் முறை எல்லாப் பைக்கும் காணாது. இரண்டு வாளி நிறையப் போட்டால் கிடைப்பது ஒன்றரைப் பைக்கான உரம்கூட இருக்காது. முதல் பட்டத்துக்கு, அதாவது முதல் விதைப்புப் பருவத்துக்கு, மண்புழு உரம் வாங்கிக் கலப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வீட்டு உரத்தை, செடி வளரும்போது இடும் மேலுரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நார்க்கழிவுக் கட்டியை அலசாமல் போடுவது பெரிய பிழை. 5 கிலோ கட்டி 25 லிட்டர் நீரைக் குடித்து அறுபது லிட்டருக்கு மேல் உப்பும். அதில் உப்புச்சத்து இருக்கும். அலசாமல் போட்டால் இலை நுனி பழுப்பாகக் கருகும், அதை நீர்ப் பற்றாக்குறை என்று நினைத்து இன்னும் நீர் ஊற்றுவோம். மூன்று தடவை ஊறவைத்து, பழைய துணியில் பிழிந்து, நிறம் வெளுக்கும் வரை அலசுங்கள்.

கலவையை ஈரமாக்கிப் பையில் நிரப்பி, ஒரு வாரம் செடியில்லாமல் நீர் தெளித்து வையுங்கள். புண்ணாக்கு மக்கும்போது சூடு கிளம்பும், அந்தச் சூட்டில் விதை போட்டால் வெந்துவிடும். பையின் விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே நிறுத்துங்கள், பின்னால் மண் மேல் பரப்பும் காய்ந்த இலை மூடாக்குக்கு இடம் வேண்டும்.

7. நிழல்வலை: செடிக்கு முன்னால் கட்டுங்கள்

செடி வளர்ந்த பிறகு கட்டினால் கிளை முறியும். கடையில் 35, 50, 75 சதவீதம் என்று கேட்பார்கள். காய்கறிக்கு 50 போதும். 75 வாங்கினால் செடி வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று வளரும், காய்க்காது.

மேற்குப் பால்கனியில் கூரைக்கு அடியில் கிடையாகக் கட்டுவதில் பயனில்லை. பிற்பகல் வெயில் பக்கவாட்டில் வருகிறது, வலையும் திரைச்சீலை போலத் தொங்க வேண்டும். மேலே ஓரடி இடைவெளி விடுங்கள், சூடான காற்று அந்த வழியாக வெளியேறும். முழுசாக மூடினால் அடுப்பு. திரை வளையத்தில் கோத்துக் கட்டினால் காலையில் ஒதுக்கிவிட்டுப் பிற்பகல் 1 மணிக்கு இழுத்துவிடலாம். வேலைக்குப் போகிறவர்கள் காலையிலேயே இழுத்துவிட்டுப் போங்கள்.

8. எதை விதைக்கலாம், எதைத் தள்ளிப்போடலாம்

ஏப்ரல், மேயில் வைக்கலாம்: வெண்டை, கொத்தவரை, காராமணி, தண்டுக்கீரை, அரைக்கீரை, பருப்புக்கீரை, கொடிப்பசலை. கொடிப்பசலைக்கு வெயிலென்றால் கொண்டாட்டம், ஒரு தண்டை ஒடித்து நட்டால் வந்துவிடும். சந்தையில் வாங்கிய பொன்னாங்கண்ணித் தண்டும் புதினாத் தண்டும் அப்படியே, புதினாவை மட்டும் அரை நிழலில் வையுங்கள்.

தள்ளிப்போட வேண்டியது தக்காளி. இரவு வெப்பம் 24 டிகிரிக்கு மேல் போகப் போக மகரந்தம் பழுதாகி, பூ பிஞ்சாகாமல் உதிரும். சென்னையின் மே மாத இரவுகள் 27, 28 டிகிரி. எவ்வளவு உரம் போட்டாலும் நடக்காது. கொத்தமல்லி நாலு இலை விட்டதும் பூக்கப் போய்விடும். கேரட், முட்டைக்கோஸ் பேச்சே வேண்டாம்.

கத்தரி, மிளகாய்க்கு ஒரு நடுவழி உண்டு. ஜூன் தொடக்கத்தில் நிழலில் நாற்று விடுங்கள். முப்பது, முப்பத்தைந்து நாளில் நடவுக்கு வரும்போது ஆடி நெருங்கியிருக்கும். "ஆடிப் பட்டம் தேடி விதை" என்றது வயலுக்கு மட்டுமா, பால்கனிக்கும்தான்.

எதிர்பார்ப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வெண்டைச் செடி இருந்தால் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி வரும். நாலு பேருக்குப் பொரியல் ஆகாது, சாம்பாருக்கு ஆகும். இரண்டு கீரைத் தொட்டிகளை மாற்றி மாற்றி விதைத்தால் வாரம் ஒரு கீரை உறுதி. புதியவர்கள் கீரையில் தொடங்குவதே நல்லது, இருபத்தைந்து நாளில் பலன் தெரிந்துவிடும்.

9. விதைப்பு

மாலையில் விதையுங்கள். விதையோ நாற்றோ, முதல் பன்னிரண்டு மணி நேரம் வெயில் படாமல் நிலைகொள்ளட்டும்.

வெண்டையை இரவு முழுக்க ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் பைக்கு இரண்டு விதை. இரண்டும் முளைத்தால் பலவீனமானதைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்கினால் மற்றதன் வேரும் அசையும்.

கீரை விதையை அதைப் போல நாலு மடங்கு மணலோடு கலந்து தூவினால்தான் சீராக விழும். மேலே மெல்லிய மண் போர்வை. இங்கே எறும்பு வரும், ஒரே இரவில் பாதி விதையைத் தூக்கிப் போய்விடும். பையைச் சுற்றிக் கொஞ்சம் அரிசி நொய்யைத் தூவுங்கள், அதைத் தூக்கிப் போவதில் எறும்புக்கு விதை ஞாபகம் வராது. அதற்குள் மூன்று, நாலு நாளில் முளைத்துவிடும்.

முளைக்கும் வரை ஈரச் சாக்கு மூடுவது கோடைக்கு நல்ல உத்தி. முதல் முளை தெரிந்த அன்றே எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் மறந்தால் முளையெல்லாம் வெளுத்து, சாக்கோடு ஒட்டிக்கொண்டு வரும்.

10. தண்ணீர்

கோடையில் செடியைக் கொல்வது பெரும்பாலும் அதிக நீர்தான். பிற்பகல் 3 மணிக்குக் கத்தரி, பாகல் இலைகள் தொங்கும். பார்க்கப் பாவமாக இருக்கும், உடனே ஒரு சொம்பு ஊற்றுவோம். ஆனால் அது அகல இலைச் செடிகள் வெயிலுக்கு ஒடுங்கும் விதம். மாலை ஆறு மணிக்குத் தானாக நிமிர்ந்தால் நீர் போதும் என்று பொருள். காலையிலும் தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஆள்காட்டி விரலை இரண்டு கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள்.

முக்கிய நீர் காலை 7 மணிக்குள். வளர்ந்த வெண்டைப் பை ஒன்றுக்கு மே மாதத்தில் நான் ஒன்றரை லிட்டர் ஊற்றுகிறேன். மாலையில் மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் இன்னொரு அரை லிட்டர். மதியம் குழாயைத் திறந்து நேரே ஊற்றாதீர்கள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் அந்த நீர் கையைச் சுடும், வேரை விடுமா? காலையிலேயே ஒரு வாளி பிடித்து நிழலில் வையுங்கள்.

ஒரேயடியாக ஊற்றாமல், கொஞ்சம் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டு மறுபடி ஊற்றுங்கள். நார்க்கழிவு ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் சுருங்கிப் பைச் சுவரிலிருந்து விலகிவிடும். பிறகு ஊற்றும் நீர் அந்த இடுக்கு வழியாக நேரே தட்டுக்குப் போகும். தட்டு நிறைந்தது என்று நாம் திருப்தியாகிவிடுவோம், நடுமண் தூசியாக இருக்கும். அப்படி ஆன பையை ஒரு பேசினில் நீர் விட்டு அரை மணி நேரம் உட்கார வையுங்கள், அடியிலிருந்து குடித்துக்கொள்ளும்.

மூடாக்கு போடாமல் கோடையைக் கடக்க முடியாது. காய்ந்த இலையோ தேங்காய் நாரோ கரும்புச் சக்கையோ இரண்டு அங்குலம் பரப்புங்கள். தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் விடுங்கள், ஒட்டியிருந்தால் தண்டு அழுகும்.

மண் மேல் வெள்ளைப் பொருக்கு படிந்தால் அது போர்த்தண்ணீரின் உப்பு. ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. அதைப் பிடித்துப் போர்த்தண்ணீரோடு கலந்து ஊற்றுங்கள். ஆர்.ஓ. கழிவு நீரைச் செடிக்கு ஊற்றுவது மிச்சம் பிடிப்பதாகத் தோன்றும். ஆனால் குடிநீரிலிருந்து நீக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அது வீடு துடைக்கட்டும்.

11. மேலுரமும் பூச்சியும்

பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூடாக்கை விலக்கி, இரண்டு பிடி வீட்டு உரத்தை மண்ணோடு கிளறி, மூடாக்கைத் திரும்பப் போட்டு நீர் ஊற்றுங்கள். பஞ்சகவ்யம் கொடுப்பதானால் லிட்டருக்கு 30 மில்லி, மாலையில் மட்டும். கடலைப்புண்ணாக்குக் கரைசல் நல்ல ஊட்டம்தான். ஆனால் மூன்று நாள் புளிக்கவைத்த வாளியைத் திறந்தால் பக்கத்து வீடுகளில் ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கும். அடுக்குமாடியில் வேண்டாமே.

வெயில் காலத்தின் எதிரிகள் இரண்டு. இலையில் ஊசி குத்தியது போல மஞ்சள் புள்ளியும் அடியில் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் சிலந்திப்பேன். வறட்சியில் பெருகும். காலையில் இலையின் அடிப்பக்கம் நீரைப் பீய்ச்சியடித்தாலே பாதி போய்விடும். வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். மிஞ்சினால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு. எண்ணெய் பட்ட இலை வெயிலில் பொரிந்துபோகும்.

வெண்டை இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி வலை போலத் தெரிந்தால் மருந்து இல்லை. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது. அந்தச் செடியைப் பிடுங்கி, மூடிய பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

12. காயும், காய்த்து முடிந்த பையும்

வெண்டை விதைத்து நாற்பது, நாற்பத்தைந்து நாளில் பூக்கும். அதன் மகரந்தத்துக்குத் தேனீ கட்டாயமில்லை. பீர்க்கும் பாகலும் அப்படி இல்லை, மேல் மாடிகளில் தேனீ குறைவு. பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கினால் காரணம் அதுதான். பாகல் காலையில் மலரும், பீர்க்கு மாலையில். அடியில் குட்டிக் காயோடு இருப்பது பெண் பூ. ஆண் பூவைப் பறித்து இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள்.

வெண்டையை இரண்டு நாளுக்கு ஒருமுறை பறித்தே ஆக வேண்டும். ஒரு காய் முற்றினால் செடி விதையில் கவனம் வைத்துப் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஊருக்குப் போவதானால் விரல் நீளம் உள்ளதையெல்லாம் பறித்துவிட்டு, பைகளை நிழலுக்கு நகர்த்தி, ஒரு வாளி நீரிலிருந்து பருத்தித் துணித் திரியைப் பைக்குள் விட்டுவிட்டுப் போங்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும்.

செடி ஓய்ந்ததும் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். பழைய போர்வையில் பரப்பி, வேர்களைப் பொறுக்கி, மூன்று நாள் வெயிலில் காயவிடுங்கள். பிறகு மூன்றில் ஒரு பங்கு புதிய உரம் கலந்தால் அடுத்த பட்டத்துக்கு ஆயிற்று, ஆனால் அதே பையில் மறுபடி வெண்டையை வைக்காமல் கொத்தவரையோ காராமணியோ போடுங்கள். நோயில்லாத வெண்டைத் தண்டை விரல் நீளத்துக்கு நறுக்கினால் மேல் பகுதி உர வாளிக்குப் போகும். கட்டைபோல இறுகிய அடித்தண்டு இரண்டு மாதத்தில் மக்காது, அதை அடுத்த வாளியின் அடியில் குச்சிக்குப் பதிலாக அடுக்கிவிடுங்கள்.